பில்ட் ஓடிக்கொண்டிருக்கிறது

...அந்த வரியை எடுத்திருக்கவே கூடாது, தேவையில்லாத வரி என்று யார் சொன்னது, இவனேதான், நேற்று சாயங்காலம் கொஞ்சம் நல்ல மனநிலையில் இருந்தபோது, இது எதற்குச் சும்மா கிடக்கிறது என்று அழித்துவிட்டான், இப்போது முகம் தெரியாத எத்தனையோ பேருடைய கணினிகளில் எதையும் நிறுவ முடியாமல் நிற்கிறது. மடியில் லேப்டாப் சுடுகிறது. டாக்டர் அறைக்கு வெளியே ஒன்றோடொன்று இணைத்த இரும்பு நாற்காலிகள், பக்கத்தில் மனைவி, அவள் கையில் ஸ்கேன் படங்களின் பெரிய உறை. அவள் மார்பில் இருக்கும் கட்டியை இருவரும் ‘அது’ என்றுதான் சொல்கிறார்கள், பெயர் வைத்தால் ஒட்டிக்கொள்ளும் என்பதுபோல. சோதனைக்கு எடுத்த சதையின் முடிவை இன்று சொல்லப்போகிறார்கள். இவனோ அந்த வரி இருந்த விதிக்கோப்பைத் திறந்து வைத்திருக்கிறான். எந்த மென்பொருளை எந்தத் துண்டுகளோடு, எந்த வரிசையில் கட்டிப் பொட்டலமாக்க வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் விதிகள், அவற்றை மனிதர்களுக்குச் சொல்லும் வழிகாட்டிப் பக்கங்கள், இரண்டையும் பார்த்துக்கொள்ள இவன் ஒருத்தன்தான் மிச்சம். கூட இருந்த மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். மாப்ளே, நீங்க இதை எழுதலேன்னா உலகம் நின்னுடுமா என்று மச்சான் ஒருமுறை கேட்டார். நிக்காது, இன்ஸ்டால் ஆகாது, அவ்வளவுதான் என்றான். மனைவி அன்றைக்கு வயிறு குலுங்கச் சிரித்தாள். அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாகிறது...

அழித்த வரியைத் திரும்பப் போட்டாயிற்று, பில்ட் ஓடுகிறது, கணினி எல்லாத் துண்டுகளையும் முதலிலிருந்து கட்டிப் பார்க்கிறது, திரையில் எழுத்துகள் சரசரவென்று மேலேறுகின்றன. நிறுவ முடியாத ஒருவர் எழுதியிருக்கிறார், உங்களை நம்பினோம் பாருங்கள் என்று. நம்பச் சொன்னது யார்? கோபம் வருகிறது, வந்த வேகத்தில் அடங்குகிறது, நம்பியது தப்பா என்ன? இந்த முறையும் பில்ட் தோற்றுச் சிவப்பு விழுந்தால் அவ்வளவுதான், மானம் போய்விடும், சிவப்பு விழக்கூடாது, இரண்டு இடத்திலும் விழக்கூடாது... இரண்டு இடம் என்று ஏன் நினைத்தான், என்ன மனசு இது. மனைவியின் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கி விரிகின்றன. அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம், ஆனால் விரல்கள் விசைப்பலகையை விட்டு வரவில்லை. நர்ஸ் கதவைத் திறந்து மனைவியின் பெயரைக் கூப்பிட்டாள்.

“வாங்க, கூப்பிடறாங்க.”

“நீ போய்க்கிட்டே இரு, ரெண்டே நிமிஷம், இதை விட்டா எல்லாம் நின்னுடும்.”

அவள் ஒரு கணம் நின்றாள். உறையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள், கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. இவன் வழிகாட்டிப் பக்கத்துக்குத் தாவினான், அந்த வரியை ஏன் அழிக்கக் கூடாது என்று ஒரு குறிப்பு எழுத வேண்டும், எழுதினான், வாக்கியம் நீளம், உடைத்தான், உடைத்தது மொட்டையாக இருந்தது, மறுபடி சேர்த்தான். உள்ளே டாக்டரின் குரல் கேட்கிறதா? கேட்கவில்லை. ‘கூடாது’ என்பதைவிட ‘வேண்டாம்’ தேவலையா? யாராவது உள்ளே அழுகிறார்களா? ‘வேண்டாம்’ என்று மாற்றினான், ஒரு காற்புள்ளியை எடுத்தான், திரும்ப வைத்தான். எழுந்து போ, எழுந்து போ என்று உள்ளுக்குள் ஒன்று கெஞ்சுகிறது, விரல் இன்னொரு காற்புள்ளியைத் தேடுகிறது... கதவு திறந்தது.

அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுதிருக்கவில்லை. அது அவனை இன்னும் பயமுறுத்தியது.

“என்ன சொன்னாங்க?”

“அதேதானாம். அடுத்த வாரமே ஆபரேஷன் வெச்சுக்கலாம்னு சொல்றார். வீட்டுக்காரர் வரலையான்னு கேட்டார், வெளியில வேலையா இருக்கார்னு சொன்னேன்.” மடியிலிருந்த லேப்டாப்பை ஒரு பார்வை பார்த்தாள். “முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது.”

“எப்போ?”

குத்தலாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். இப்போதுதான் என்று சொல்ல வாயெடுத்தான், கண் திரைக்குப் போனது. பில்ட் பச்சையாகி முடிந்த நேரம் திரையின் ஓரத்தில் இருக்கிறது, அவள் பார்க்க மாட்டாள், பார்த்தாலும் புரியாது. அவனுக்குப் புரிந்தது. நர்ஸ் பெயரைக் கூப்பிடும்போதே அது பச்சையாகித்தான் இருந்தது, அவன் பார்த்தான், பார்த்துவிட்டுத்தான் ரெண்டே நிமிஷம் என்றான்... அவள் இன்னும் பதிலுக்குக் காத்திருந்தாள்.