அவளுக்குச் சொன்னது

புத்தகம் ஒன்று, படிக்கிற ஆட்கள் இரண்டு. எழுத்துத் தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருந்தது. லிப்ட் மெக்கானிக் தன் கருவிப் பையிலிருந்து பிளேடை எடுத்து, நானூற்றுச் சொச்சம் பக்கமுள்ள அந்தப் புத்தகத்தின் முதுகை நடுவில் கீறி இரண்டாக்கினான். முன்பாதி அவனுக்கு: இறக்கை விமானத்தை எப்படித் தூக்குகிறது, எஞ்சின், விமானி முன்னால் இருக்கிற கருவிகள், வானத்துச் சாலை விதிகள். பின்பாதி அவன் மனைவிக்கு: வானிலை, வரைபடம், எடைக் கணக்கு, ரேடியோவில் பேசுகிற முறை. ஆளுக்குப் பாதி படித்து மற்றவருக்குச் சொல்லிக்கொடுப்பது என்று ஏற்பாடு. யோசனை சொன்னது அவன்தான். நல்ல யோசனைதான், அதைக் குறை சொல்லி என்ன பயன்?

சின்ன விமானம் ஓட்டக் கற்றுக்கொள்வது என்பது பதினைந்து வருஷமாக அவன் வாயில் இருந்த பேச்சு. நாள் முழுக்க மேலும் கீழுமாகப் போய்வருகிற ஆளுக்கு நேராகப் போகவும் ஒரு ஆசை இருக்காதா என்று அவனே சொல்லிச் சிரிப்பான். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணைக்கு வா என்று அவன் கூப்பிட்டதால் ஊர் ஓரத்தில் இருந்த விமானக் கிளப்புக்குப் போனாள். போன இடத்தில் சும்மா இருக்கத் தெரியவில்லை. அது என்ன, இது ஏன், இது நின்றுபோனால் என்ன ஆகும் என்று பயிற்சி கொடுக்கிற அம்மாளைப் பிடித்துக்கொண்டாள். எல்லாரும் கேப்டன் என்று கூப்பிடுகிற அந்த அம்மாள், அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு விண்ணப்பத்தையும் நீட்டினாள். அன்று முதல் கிளப்பில் அவளுக்குப் பெயர் ‘கேள்வி’. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் புருஷன் வாயே திறக்கவில்லை. வெயில் அலுப்பு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஏழு மணிக்குப் பாத்திரம் கழுவி முடித்துச் சாப்பாட்டு மேஜையைத் துடைத்ததும் பள்ளிக்கூடம் தொடங்கும். ஒரு நாள் அவள் டீச்சர், மறுநாள் அவன். அவள் மெனக்கெட்டுச் சொல்லிக்கொடுத்தாள். கடையில் மிச்சமான காகிதப் பைகளைப் பிரித்து, எந்த மேகத்துக்குள் போகலாம், எதைக் கண்டால் ஓட வேண்டும் என்று படம் வரைந்து காட்டினாள். அவனுக்கு ஒன்று புரியவில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து வருவாள்.

அவனும் லேசுப்பட்ட வாத்தியார் இல்லை. ஒவ்வொன்றுக்கும் மனசில் ஒட்டிக்கொள்கிற மாதிரி ஒரு வரி கட்டிக் கொடுப்பான். உயரம் காட்டுகிற கருவி காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் உயரத்தைச் சொல்கிறது. அழுத்தம் கூடின இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு, கருவியைத் திருத்தாமலே பறந்து போனால் என்ன ஆகும்? அதற்கு அவன் கட்டிய வரி: “அழுத்தம் குறைஞ்சா ஆள் மேலே.”

“தலையில இருந்த மூட்டையை இறக்கினா மாதிரி. புரியுதா? கருவி காட்டுறதைவிட நீ உசரத்துல இருப்பே” என்றான்.

அவளுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. லென்ஸ் தேய்க்கும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். ஒரே ஒரு தடவைதான் அவளுக்குச் சந்தேகம் வந்தது. எஞ்சினுக்கு எரிபொருளைக் காற்றோடு கலந்து அனுப்புகிற கார்புரேட்டரில், வெளியே தண்ணீர் உறைகிற குளிர் இருந்தால்தான் பனி பிடிக்கும் என்று அவன் சொன்னபோது.

“ஏங்க, பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளுக்குள்ளயே குளிருமே? அப்ப வெயில் நாள்லயும் பிடிக்காதா?”

“மோட்டாரோடயே குடும்பம் நடத்துறவன் நான். என்கிட்டயே சந்தேகமா?” என்று சிரித்தான். அவளும் சிரித்துவிட்டாள். கேட்டதற்காக உள்ளுக்குள் கொஞ்சம் வெட்கம்கூடப் பட்டாள். இப்போது நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது.

தேர்வில் அறுபது கேள்வி. நாற்பத்திரண்டு சரியாக இருந்தால் தேர்ச்சி. அவன் ஐம்பத்தெட்டு வாங்கினான். அவள் நாற்பத்து மூன்று.

“எப்படியோ கரை ஏறிட்டே” என்றான் அவன், முகத்தில் என்னவோ ஒரு மாதிரி. அவள் சோர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டுத் தலையைத் தட்டிக்கொடுத்தான். “நான் சொல்லும்போது நீ எங்கயோ பராக்குப் பார்த்திருப்பே. விடு, எல்லாருக்கும் எல்லாமா வந்துடும்?” ஆமாம், தனக்கு மண்டையில் ஏறவில்லைதான் என்று அவளும் நம்பினாள். அவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த மனுஷனின் உழைப்பை வீணாக்கிவிட்டோமே என்று அன்றைக்கு முழுக்க அவளுக்கு வருத்தம்.

முதல் பறத்தல் அவளுக்குத் திங்கட்கிழமை என்று குறித்தார்கள். அதற்கு முன்னால், தேர்வில் தப்பாகப் போனதையெல்லாம் கேப்டனோடு உட்கார்ந்து சரிசெய்ய வேண்டும் என்பது கிளப் விதி. சனிக்கிழமை காலை போனாள். தகர ஷெட்டின் ஓரத்தில் ஒரு அறை, ஒரு மேஜை, சுவரில் பழைய வரைபடம். கேப்டன் அவளுடைய மதிப்பெண் தாளைக் கையில் வைத்துக்கொண்டு முதல் கேள்வியாக அந்த உயரமானியைத்தான் கேட்டாள்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னாள். “அழுத்தம் குறைஞ்சா ஆள் மேலே, மேடம்.”

கேப்டன் சிரிக்கவில்லை. பேனாவை மேஜையில் வைத்தாள். “கீழே. கருவி காட்டுறதைவிட நீ கீழே இருப்பே. கருவி மூவாயிரம் அடின்னு சொல்லும், நீ அதுக்குக் கீழே போயிட்டிருப்பே. முன்னாடி மலை இருந்தா மோதின பிறகுதான் தெரியும். யாரும்மா இப்படிச் சொன்னது?”

பதிலுக்குக் காத்திராமல் கேப்டன் அடுத்ததற்குப் போனாள். கார்புரேட்டர் பனி: இதமான வெயிலில்கூடப் பிடிக்கும். நேருக்கு நேர் இரண்டு விமானம் வந்தால்: இரண்டும் வலப்பக்கம் திரும்ப வேண்டும், இடப்பக்கம் இல்லை. வேகம் குறைந்தால் மட்டும்தான் இறக்கை தூக்குவதை விட்டுவிடுமா: இல்லை, மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால் எந்த வேகத்திலும் விட்டுவிடும். பதினேழு தப்பு. பதினேழும் முன்பாதியிலிருந்து வந்தவை. அவள் தானே படித்த பின்பாதியில் ஒன்றுகூடத் தப்பில்லை.

“என் வீட்டுக்காரரும் தப்பாப் புரிஞ்சிருப்பாரு, மேடம். அவர்தான் எனக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தாரு” என்றாள். அந்த நேரத்திலும் அவனுக்கு ஒரு கெட்ட பெயர் வந்துவிடக் கூடாதே என்று அவளுக்குக் கவலை.

கேப்டன் மதிப்பெண் தாளை மடித்து ஓரமாக வைத்தாள். “முந்தாநாள் அவர் இதே நாற்காலியில உட்கார்ந்திருந்தாரு. இதெல்லாத்தையும் அவர்கிட்டயும் கேட்டேன். ஒண்ணு விடாம சரியாச் சொன்னாரு.”



கிளப்பிலிருந்து அவள் நேராக அவன் வேலை செய்கிற இடத்துக்குப் போனாள். பன்னிரண்டு மாடிக் கட்டடம். லிப்ட் கதவில் ‘பழுது பார்க்கப்படுகிறது’ என்று அட்டை தொங்கியது. படி ஏறினாள். ஏழாவது மாடியில் நின்று மூச்சு வாங்கும்போது, அவன் தேர்வுக்கு முந்தின நாள்தான் எல்லாவற்றையும் சரியாகப் புரிந்துகொண்டிருப்பான், சொல்ல நேரம் இருந்திருக்காது என்று ஒரு சமாதானம் தோன்றியது. அதைப் பிடித்துக்கொண்டே மிச்ச மாடிகளையும் ஏறிவிட்டாள்.

மேல்தளத்து இயந்திர அறையில் யாரும் இல்லை. கிரீஸ் வாசனை. பெரிய சக்கரத்தில் கம்பிக் கயிறுகள் அசையாமல் நின்றன. அவன் கீழே லிப்ட் குழிக்குப் போயிருக்க வேண்டும், கருவிப் பை திறந்தபடி கிடந்தது. ஸ்பானர்களுக்கு நடுவே புத்தகத்தின் முன்பாதி தெரிந்தது. எடுத்துப் பிரித்தாள். ஓரங்களில் அவன் கையெழுத்து. உயரமானிப் பக்கத்தில், “குறைந்த அழுத்தம் = நீ கீழே. கவனம்!” என்று இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தான். மையின் மேல் டீக் கறை படிந்து காய்ந்திருந்தது. அந்த டீயை அவன் கொட்டியது இரண்டு மாசத்துக்கு முன்னால். துடைத்ததே அவள்தான்.

கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் ஒரு தாள் செருகியிருந்தது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு மூன்று பத்தி. தலைப்பு: ‘சரியானது’, ‘அவளுக்குச் சொன்னது’, ‘எடுத்தது’.

இந்த மாதிரி அட்டவணை ஒன்று இயந்திர அறைச் சுவரிலும் தொங்கியது. லிப்டைப் பழுது பார்க்கும்போது கதவு சுவிட்சைத் தாண்டி மின்சாரம் போவதற்கு ஒரு துண்டு வயரைத் தற்காலிகமாகப் போடுவார்கள். அதை மறந்து விட்டுவிட்டால் கதவு திறந்திருக்கும்போதே லிப்ட் ஓடும், ஆள் போய்விடும். அதனால் எந்த வயரை எங்கே போட்டோம் என்று எழுதி, எடுத்ததும் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இருபது வருஷப் பழக்கம். பொய் சொல்லும்போதுகூட அந்த மனுஷனால் எழுதி வைக்காமல் இருக்க முடியவில்லை. அவள் தாளைப் படித்தாள். இருபத்தொரு வரி, வரிசை எண்ணோடு. ‘எடுத்தது’ பத்தியில் ஒன்றுமே எழுதவில்லை. சுவரில் இருந்த தாளில் எல்லா வரிக்கும் கையெழுத்து இருந்தது.

அவன் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தான். அவளைப் பார்த்தான், தாளைப் பார்த்தான். முகத்தில் ஈயாடவில்லை.

“இது என்னங்க?”

“இல்ல... அது வந்து...” என்று மென்று விழுங்கினான். பிறகு கருவிப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். “பதினஞ்சு வருஷம். என்கிட்ட எனக்குன்னு இருந்தது இது ஒண்ணுதான். நீ சும்மா கூட வந்தே. வந்த அன்னைக்கே கேப்டன் உன்கிட்டதான் பேசினாங்க. நான் ஒருத்தன் பக்கத்துல நிக்குறேன்னு யாருக்கும் தெரியல.”

“வராதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பேனே.”

“எப்படிச் சொல்றது? சின்னப் புத்தின்னு நினைச்சிருப்பே.”

அவளுக்கு அழுகை வரவில்லை.  மூன்று மாதம், ஒருநாள் விட்டு ஒருநாள், எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்கிறான். புரியுதா புரியுதா என்று கேட்டிருக்கிறான். அவள் புரிந்தது என்று தலையாட்டியபோதெல்லாம் உள்ளுக்குள் அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?

“இதை வச்சுக்கிட்டு நான் மேலே போயிருந்தா?”

“நீ பாஸ் பண்ண மாட்டேன்னுதான் நினைச்சேன்” என்றான் அவசரமாக, அது ஏதோ அவனுக்குச் சாதகமான சாட்சி போல. “பாஸ் பண்ணலைன்னா மேலே போகப் போறதில்ல. அப்ப ஒண்ணும் ஆகாதில்ல? உனக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் நானும்...”

“பாஸ் பண்ணிட்டேனே. ஒன்பது நாள் ஆச்சு. திங்கட்கிழமை ஏறப்போறேன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

அவன் கையில் இருந்த துணியை முறுக்கிக்கொண்டே இருந்தான்.  “சொன்னா, நான் பண்ணினது உனக்குத் தெரிஞ்சுபோயிடுமே.”

 கேள்வி என்று பெயர் வாங்கியவள் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, ஒரு மாடி இறங்கி, லிப்ட் இருந்த நடைபாதைக்கு வந்தாள். அவனும் பின்னாலேயே வந்தான். அந்த மாடிக் கதவிலும் தொங்கிய அட்டையை அவிழ்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினான். கதவு திறந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

“வேலை முடிஞ்சுடுச்சு. பன்னெண்டு மாடி, முழங்கால் வலிக்கும். இதுலயே போ” என்றான், நிஜமான அக்கறையோடு.

இருபது வருஷமாக அவன் கை வைத்த எத்தனையோ லிப்டுகளில் அவள் யோசிக்காமல் ஏறியிருக்கிறாள். திறந்த கதவை ஒரு முறை பார்த்தாள், அவனையும் பார்த்தாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கத் தொடங்கினாள்.