குள்ளச்சியின் ஈயம்

உலைக்கு அடியில் இருந்த குழிக்குள் இறங்கி நின்று, தலைமை ஃபிட்டர் நெருப்பைத் தாங்கும் அடிக்கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்று ஆறு வருடமாகியும் ஆலையில் அவருக்கு அதுதான் பெயர். சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்தார். குழிக்குள் இறங்கும்போதும் அதைத் தளர்த்தவில்லை.

தலைக்கு மேலே நின்றது குள்ளச்சி. இரண்டடி அகலத் தண்டவாளத்தில், கல் குவாரிக்கும் அரவை ஆலைக்கும் நடுவே, கல் ஏற்றிய பதினான்கு தொட்டி வண்டிகளை முப்பத்தெட்டு வருடம் இழுத்த நீராவி இன்ஜின். ஒன்பது வருடத்துக்கு முன் குவாரி மேட்டில் ஏறும்போது அதன் உலைக் கூரை பிய்ந்தது. பாய்லர் நீராவி உலைக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, ஓட்டுநரை நின்ற இடத்திலேயே அவித்துவிட்டது. ஓட்டுநர், தலைமை ஃபிட்டரின் ஒரே மகன்.

அன்றோடு குள்ளச்சி கொட்டகைக்குள் போனது. இப்போது அதற்குப் பச்சை வர்ணம் அடித்து ஆலை வாசலில் நிறுத்தப் போகிறார்கள். உலைக்குள் நெருப்பு எரிவதுபோல் ஒரு சிவப்பு பல்ப் எரிய வேண்டும் என்பது மேலாளரின் ஆசை. பல்பை உள்ளே மாட்ட அடிக்கம்பிகளை உடைக்காமல் கழற்றத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான்.

"தாத்தா, உள்ளே பாம்பு கீம்பு இருந்தா முதல்ல ஒரு வணக்கம் சொல்லிடுங்க," என்று எலக்ட்ரீஷியன் மேலிருந்து குரல் கொடுத்தான்.

"பாம்புக்கு மரியாதை தெரியும். உனக்குத்தான் தெரியல. ஒயரை இறக்கு."

சக்கரத்துக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து, மருமகள் பெயர்ப் பலகையைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தாள். கணவன் இறந்த மறுமாதம் குடியிருப்பைக் காலி செய்ய வைத்துவிட்டு, ஆலையே அவளுக்குத் துப்புரவு வேலை கொடுத்திருந்தது. பலகையில் இன்ஜின் செய்த வருடம், இழுத்த சுமை, ஓடிய தூரம் எல்லாம் வெட்டியிருந்தது. கடைசி வரி: ஓட்டுநரின் கவனக்குறைவால் ஓய்வு பெற்றது.

"மாமா," என்று குழியின் விளிம்பில் குனிந்தாள். "அந்தக் கடைசி வரியை மட்டும் எடுக்கச் சொல்லுங்களேன். உங்க பேத்தி தினமும் இந்த வாசலைத் தாண்டித்தான் காலேஜுக்குப் போறா."

"நடந்ததைத்தானே வெட்டியிருக்காங்க."

"நீங்க சொன்னா கேப்பாங்க."

"மூணு தலைமுறையா இந்தக் கொட்டகையில வேலை பாக்குறோம். தப்பு பண்ணினவனுக்காக எங்க வீட்டுல யாரும் இன்னொருத்தன் முன்னாடி போய் நின்னதில்ல. போ, வேலையைப் பாரு."

அவள் போய் வேலையைப் பார்த்தாள்.

உலைக் கூரைக்கு மேல் எப்போதும் பாய்லர் தண்ணீர் நிற்க வேண்டும். தண்ணீர் இறங்கினால் கூரைத் தகடு காய்ந்து இளகும். அதற்காகக் கூரையின் நடுவில் ஒரு பித்தளைத் திருகு. அதன் துளையில் ஈயம் ஊற்றி அடைத்திருக்கும். தகடு காயத் தொடங்கியதும் ஈயம் உருகி விழும், துளை வழியாக நீராவி சீறி நெருப்பை அவிக்கும், ஓட்டுநர் குதித்துத் தப்பலாம். பாய்லர் கழுவும் நாளெல்லாம் அந்த ஈயத்தைத் தலைமை ஃபிட்டர் தன் கையால் ஊற்றுவார். வேறு யாரையும் தொட விடமாட்டார்.

ஈயம் சரியாக உருகியது, தூங்கிக்கொண்டிருந்த ஓட்டுநர்தான் கவனிக்கவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. உலையைச் சோதித்ததாக அதில் கையெழுத்துப் போட்டவர் அவர். அவர் சோதிக்கவில்லை. மகன் வெந்த இடத்துக்குள் தலையை நீட்ட அவரால் முடியவில்லை. முடியவில்லை என்று சொல்லவும் முடியவில்லை.

கடைசிக் கம்பியும் வந்தது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு உலைக்குள் நிமிர்ந்தார். கூரைத் தகடு நனைந்த துணிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. நடுவில் திருகு இருந்தது. விரல் நுழையும் அளவுக்கு அதில் துளை இருக்க வேண்டும். இல்லை.

கரி மூடியிருக்கும் என்று கட்டைவிரலால் துடைத்தார். மேல்பையிலிருந்து அரத்தை எடுத்து இரண்டு இழுப்பு இழுத்தார். ஈயம் என்றால் சாம்பல் நிறத்தில் தெரியும். மஞ்சளாக மின்னியது. இன்னும் ஆழமாக ராவினார். மஞ்சள். நகம் பதியும் ஆழத்துக்குப் பள்ளம் விழும்வரை ராவினார். முழுக்கப் பித்தளை. துளையே போடாத, கடைசலில் கடைந்த திருகு.

அரம் கைநழுவிக் குழியின் தரையில் விழுந்து ஓசையிட்டது.

"என்ன தாத்தா, பாம்பு பதில் வணக்கம் சொல்லிடுச்சா?"

அவர் டார்ச்சை அணைத்தார். ஏணியில் ஏறும்போது இரண்டு தரம் கால் தவறியது. மருமகள் எழுந்து வந்து கையைப் பிடித்தாள். ஒன்பது வருடத்தில் அவர் அந்தக் கையை உதறாதது அதுவே முதல் தடவை.

"ஈயம் இல்லம்மா," என்றார். "பித்தளை. யாரோ மாத்தியிருக்காங்க."

அவள் முகத்தில் ஆச்சரியம் எதுவும் இல்லை. "சாவுக்குப் பதினாறாம் நாள் சொன்னேனே மாமா. கண் ஆபரேஷனுக்கு நீங்க மூணு வாரம் படுத்திருந்தப்ப, ஈயம் ரெண்டு தடவை உருகி வண்டி நின்னுச்சு. வண்டி நிக்கக்கூடாதுன்னு இதே மேலாளர் பித்தளையைக் கடைஞ்சு போடச் சொல்லியிருக்காரு. கரி தள்ளுறவர் வந்து சொல்லி அழுதாரு. அதுக்கு நீங்க, செத்தவன் கறையைக் கழுவ என் கொட்டகை மேல சேறு பூசாதேன்னீங்க."

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க முன்னாடியே ஈயம் ஊத்தி வச்சிட்டுப் போன மாத்துத் திருகைப் போட்டிருக்கோம்னு அவர்கிட்ட சொல்லியிருக்காங்க. பாய்லர் தண்ணி அளவு பாக்குற கண்ணாடி அடைச்சுக்கிட்டுப் பொய் அளவு காட்டுதுன்னு நாலு நாள் எழுதிக் கொடுத்தாரு. அப்படின்னா இன்னைக்குப் போகாதீங்கன்னேன். அப்பா கையால ஊத்தின ஈயம் இருக்கு, பயப்படாதேன்னு சொல்லிட்டுப் போனாரு."

தலைமை ஃபிட்டர் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார்.

மேலாளர் கொட்டகைக்குள் வந்தபோது அவர் அப்படியே நேராக எதிரில் போய் நின்றார்.

"அந்த வரியை எடுக்கணும் சார். உள்ளே இருக்கிறது ஈயம் இல்ல. வந்து பாருங்க. என் மகன் மேல தப்பு இல்ல."

மேலாளர் குழியைப் பார்க்கவில்லை. தலைமை ஃபிட்டரின் தோளில் ஒட்டியிருந்த கரியைத்தான் பார்த்தார். "ஒன்பது வருஷம் முன்னாடி மூடின விஷயம் பெரியவரே. உலையைச் சோதிச்சேன், ஈயம் உருகியிருக்குன்னு எழுதிக் கொடுத்தது யாரு? நானா?"

"நான் பாக்கலை சார். பாக்காமத்தான் கையெழுத்துப் போட்டேன்."

"இதை வெளியே சொல்லாதீங்க. பொய்க் கையெழுத்துன்னு ஆயிடும். இத்தனை வருஷ மரியாதை." தோளைத் தட்டிவிட்டுத் திரும்பினார். "பலகை ரெடியா? வண்டியை வாசலுக்கு இழுக்க நாலு மணிக்கு ஆள் வர்றாங்க."

இரண்டு பேர் பலகையைத் தூக்கி இன்ஜினின் பக்கவாட்டில் வைத்துத் திருகினார்கள். விரல் தடம் பட்டுவிட்டது என்று மேலாளர் காட்டினார். மருமகள் துணியை எடுத்துக்கொண்டு போனாள்.

எலக்ட்ரீஷியன் சுவிட்சைப் போட்டான். திறந்திருந்த உலைக் கதவு வழியாகச் சிவப்பு வெளிச்சம் ஓட்டுநர் நிற்கும் இடத்தில் விழுந்தது.

"நிஜ நெருப்பு மாதிரியே இருக்கு சார்," என்றான்.

மருமகள் மேல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு வந்து, கடைசி வரியில் கையை நிறுத்தினாள். மேலாளர் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் அந்த எழுத்துகளையும் பளபளக்கத் தேய்க்கத் தொடங்கினாள்.