கிராதிக்கு வெளியே ஒரு டிரம்செட்

அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த பிறகு வெஸ்ட்ரி அறையில் இருந்தவர்கள்: அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த போதகர் யோசுவா ஐயர். அவருக்கு வலப்பக்கம் சபைச் செயலாளர் ஞானசிகாமணி. செகரட்டேரியட்டில் இருந்து ஓய்வு பெற்றவர், அதை யாரும் மறந்துவிடக் கூடாது என்று சட்டைப்பையில் இன்னும் இரண்டு பேனா குத்தியிருப்பவர். இடப்பக்கம் பெண்கள் ஐக்கியத் தலைவி சுசீலாபாய். சுவரோரம், பாடகர் குழுவை நடத்தும் ஆசீர்வாதம் சார். கதவருகில், மணியடித்துக் கோயிலைத் திறந்து பூட்டும் கோயில்குட்டி மாசிலாமணி, கையில் சாவிக்கொத்து. உட்காரச் சொல்லப்படாமல் நின்றவன் திரவியம்.

"எடே திரவியம்," என்றார் ஞானசிகாமணி. "கிறிஸ்துமஸ் கேரல் சர்வீஸ் வருதில்லா. இந்தத் தடவை டிரம்செட் வேணும்னு சபையாரு ஆசைப்படுதாவ."

"நான் சபை விலக்கில இருக்கேன் சாரே. மறந்துபோச்சா?"

யாருக்கும் மறக்கவில்லை. மூன்று வருஷமாக அவன் கடைசி பெஞ்சில்தான் உட்கார்கிறான். திருவிருந்து அவனுக்குக் கிடையாது. பீடத்தைச் சுற்றிய மரக்கிராதிக்குள் அவன் கால் வைக்கக் கூடாது. அவன் வீட்டில் கல்யாணம் என்றால் சபையில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க மாட்டார்கள். மூன்று ஞாயிறு ஓலை வாசிக்காமல் இந்தக் கோயிலில் கல்யாணம் நடக்காது.

அவன் செய்த குற்றம் டிரம் அடித்தது.

டிரம் அடிக்கக் கற்றுக் கொடுத்ததே இந்தச் சபைதான். பொன்முடி எஸ்டேட் லயத்தில் அப்பனும் அம்மையும் ஒரே மழைக்காலத்தில் காய்ச்சலில் போனபோது, உறவென்று வந்து நின்ற யாரும் அவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. சபையின் போர்டிங்தான் எடுத்து வளர்த்தது. கிறிஸ்துமஸ் பவனிக்குக் கொண்டு போகும் பெரிய டிரம்மை மற்றப் பையன்கள் கை வலிக்கிறதென்று கீழே வைத்துவிடுவார்கள். திரவியம் வைக்க மாட்டான். சாலைக் கடைத்தெரு முழுக்க அடித்துக்கொண்டே நடந்து, கை வீங்கித் திரும்பி வந்தால் வார்டன் ஒரு கட்டி வெல்லம் கொடுப்பார். பையன் சபைக்குப் பெருமை என்றார்கள். பிறகு அவன் வளர்ந்தான், வயிறும் வளர்ந்தது. ஹோட்டல் பாண்டு, நாடகக் கம்பெனி, கடைசியில் கானமேளா என்னும் மேடைப் பாட்டுக் கச்சேரி. கொல்லம் முதல் களியக்காவிளை வரை எந்தச் சாமி கோயில் உற்சவத்துக்குக் கானமேளா போட்டாலும் பின்வரிசையில் திரவியம் இருப்பான். உற்சவக் கானமேளாவில் முதல் பாட்டு அந்த ஊர்ச் சாமிமேல்தான். அது எல்லாக் குழுவுக்கும் வழக்கம். அதற்கும் அவன்தான் அடித்தான். டிரம்மர் முதல் பாட்டுக்கு மட்டும் எழுந்து போய் வெற்றிலை போட்டுவிட்டு வர முடியாது.

விக்கிரகத்துக்கு முன் வாத்தியம் வாசித்தான் என்று யாரோ வந்து சொன்னார்கள். கமிட்டி கூடியது. விலக்கு விழுந்தது.

இப்போது அதே கமிட்டிக்கு டிரம் வேண்டியிருந்தது. காரணம் பெரிய ரகசியமில்லை. அடுத்த தெரு மலையாளச் சபையில் போன கிறிஸ்துமஸுக்கு டிரம்செட் வைத்தார்கள். தமிழ்ச் சபையின் பாதி வாலிபர்கள் அங்கே போய் நின்று கேட்டார்கள். ஞானசிகாமணி அன்று எண்ணெய் போடாத கதவு மாதிரி கிறீச்சிட்ட தன் பாடகர் குழுவைக் காலி பெஞ்சுகளோடு சேர்ந்து கேட்டார். அந்தக் காயம் ஆறவில்லை.

"முதல்ல விலக்கை நீக்குங்க," என்றான் திரவியம். "ஜனவரி கடைசியில என் மக ரோஸ்லெட்டுக்குக் கல்யாணம். அவ அம்மையை நான் கெட்டினது இந்தப் பீடத்துக்கு முன்னாலதான். இவளையும் நான் கையைப் பிடிச்சு அங்க கொண்டு விடணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

"அதெல்லாம் ஆகும்," என்றார் ஐயர். "முதல்ல நீ சபைக்கு ஒரு ஊழியம் செய்தேன்னா, கமிட்டிக்கு மனசு இளகும் பாரு."

"கிராதிக்குள்ள வரப்படாதே. பாட்டுக்காரங்க அதுக்குள்ளதானே இருப்பாங்க?"

இதற்கு ஞானசிகாமணி வழி வைத்திருந்தார். இந்த வெஸ்ட்ரி பின்னால் கட்டிச் சேர்த்தது. பிரதிஷ்டை செய்த இடமல்ல. ஆகவே இது கோயில் இல்லை. டிரம்செட்டை இங்கே போட்டு, கோயிலுக்குள் திறக்கும் கதவைத் திறந்து வைத்தால் போதும். திரவியம் முற்றத்துக் கதவு வழியாக வந்து, வாசித்துவிட்டு, அதே வழியாகப் போகலாம். சபையின் ஒழுங்கும் கெடாது, பாட்டும் கெடாது.

"செகரட்டேரியட் மூளையில்லா," என்றார் சுசீலாபாய், மெச்சிக்கொண்டு.

திரவியம் தலையாட்டினான். மகளுக்காக ஆட்டிய தலை.

மகள் வீட்டில் சீறினாள். ரோஸ்லெட் தையல் மெஷினை நிறுத்தவே இல்லை. "உங்களை ரூமுக்குள்ள ஒளிச்சு வச்சு வாசிக்கச் சொல்லுதாங்க, நீங்களும் செரின்னுட்டு வந்திருக்கீங்க. நாணமில்லையாப்பா?"

"ஓலை வாசிக்கணும்லா மக்கா."

"ரெஜிஸ்டர் ஆபீஸ்ல ஓலையும் வேண்டாம், ஒளியவும் வேண்டாம்."

"மாப்பிள்ளைக்கு அம்மை பாறசாலையில இருந்து கோயில் கல்யாணம்னுதானே சொல்லி விட்டிருக்கா?"

"அவங்க சொன்னாங்க. ஆனா ஆசை உங்களுக்காக்கும்."

அது உண்மைதான். அவன் எழுந்து டிரம் குச்சிகளைத் தேடப் போனான்.

கேரல் சர்வீஸ் அன்று சாயங்காலம் அவன் முற்றத்துக் கதவு வழியாக உள்ளே போனான். தன் செட்டைப் பொருத்தி உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அவன் இருந்த மூலையில் இருந்து ஆசீர்வாதம் சாரின் கை தெரியவில்லை. எங்கே எடுக்கிறார், எங்கே நிறுத்துகிறார் என்று பார்க்காமல் எப்படி அடிப்பது? நாற்காலியை நகர்த்தினால் சபையின் கண்ணில் படுவான், அது கூடாது. கடைசியில் ஐயர் அங்கி மாட்டும்போது முகம் பார்க்கும் கண்ணாடியை ஆணியில் இருந்து கழற்றி, ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்தான். அதில் ஆசீர்வாதம் சார் இடக்கைக்காரராகத் தெரிந்தார். பரவாயில்லை. உற்சவப் பந்தல்களில் பாடகனின் முதுகை மட்டும் பார்த்து அடித்தவனுக்கு இது போதும்.

முதல் பாட்டு முடிவதற்குள் கோயில் மாறிவிட்டது. இழுத்து இழுத்துப் பாடிய கிழவர்கள் தாளத்துக்குள் வந்தார்கள். வாசலில் நின்றவர்கள் உள்ளே வந்தார்கள். மூன்றாவது பாட்டில் அவன் பேஸ் டிரம்மை மெதுவாக இறக்கியபோது பெஞ்சுகளுக்கு அடியில் நூறு கால்கள் தட்டுவது அவனுக்குக் கேட்டது. பணத்துக்காக எத்தனையோ மேடையில் வாசித்திருக்கிறான். அன்று வாசித்ததுபோல் எங்கும் வாசிக்கவில்லை. அதுதான் அவன் செய்த முட்டாள்தனம்.

முடிந்ததும், கேட்க வந்திருந்த மலையாளச் சபையின் பாதிரியார் அச்சன் கிராதியருகே வந்தார். "டிரம்ஸ் ஆரா? நல்ல கையாணல்லோ."

"எல்லாம் நம்முடெ பிள்ளேருதன்னெ, அச்சா," என்றார் ஞானசிகாமணி. எல்லாம் நம் பிள்ளைகள்தானாம். சொல்லிக்கொண்டே முதுகுக்குப் பின்னால் கையை அசைத்தார். மாசிலாமணி வந்து வெஸ்ட்ரிக் கதவைச் சாத்தினான். சாத்தும்போது அவன் திரவியத்தின் முகத்தைப் பார்க்கவில்லை. இருவரும் போர்டிங்கில் ஒரே பாயில் படுத்தவர்கள்.

செட்டைப் பிரிக்கப் போனபோது ஞானசிகாமணி உள்ளே வந்து, "அது அங்கனயே கிடக்கட்டும்டே. புதுவருஷ ஆராதனைக்கும் வேணும்," என்றார். புதுவருஷத்துக்கும் அவன் அதே மூலையில் உட்கார்ந்து, கண்ணாடியைப் பார்த்து வாசித்தான். அப்போதும் செட்டை எடுக்க விடவில்லை. இனி சபைக்கு அது எப்போதும் வேண்டுமாம்.

ஜனவரி முதல் ஞாயிறு மறுபடியும் அதே அறை, அதே ஆட்கள். ஒரு மாற்றம், மூலையில் டிரம்செட் துணி போர்த்திக் கிடந்தது.

"விலக்கு நீங்கும்," என்றார் ஐயர். "அடுத்த ஞாயிறு சபைக்கு முன்னால நின்னு ரெண்டு காரியம் அறிக்கை செய்யணும். ஒண்ணு, விக்கிரகத்துக்கு முன்னால வாத்தியம் வாசிச்சது."

"செரி."

"ரெண்டாவது..." ஐயர் செயலாளரைப் பார்த்தார்.

"ரெண்டாவது," என்றார் ஞானசிகாமணி, "விலக்கில இருக்கும்போதே பரிசுத்த ஆராதனையில பங்கெடுத்தது. கேரல்லயும் புதுவருஷத்துலயும். மூப்பன்மாரு பராதி சொல்லியிருக்காவ."

திரவியத்துக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. "வாசிக்கச் சொன்னது நீங்கல்லா சாரே?"

"நாங்க சொன்னது ரூமுக்குள்ள வாசிக்க. சத்தம் கோயிலுக்குள்ள வந்துது. அதாக்கும் பிரச்சினை."

"சத்தம் பின்ன எங்க போகும்? ஜன்னல் வழியா இறங்கி ஆரியசாலையில கொப்பரை வாங்கப் போகுமா?"

"நக்கல் வேண்டாம், கேட்டியா. சபைச் சோறு தின்னு வளந்தவன் நீ."

"பெண்கள் பக்கத்துல கால் ஆடிச்சுது," என்றார் சுசீலாபாய். "திருப்பீடத்துக்கு முன்னால. நான் என் கண்ணால பாத்தேன்."

"ஆடின காலுக்கும் விலக்கு உண்டா அக்கா?"

"எவ காலைடே சொல்லுதே? என் காலையா?"

"உங்க காலை நான் எங்க பாத்தேன்? நான் கதவுக்குப் பின்னாலல்லா இருந்தேன்."

மாசிலாமணி இருமி வாயைப் பொத்தினான். ஆசீர்வாதம் சார் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒத்திகைக்கு மூன்று நாள் வீடு தேடி வந்து, "நீ இல்லேன்னா என் மானம் போயிரும்," என்று கையைப் பிடித்தவர்.

"ரெண்டே ரெண்டு வரி," என்றார் ஐயர், குரலைத் தணித்து. "சொன்ன மறுநிமிஷம் நான் முதல் ஓலை வாசிக்கேன். பிள்ளையை நினைச்சுப் பாரு தம்பி."

பிள்ளையைத்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அந்த இடத்தில் கைவைத்தால் இவன் வளைவான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. "சொல்லுதேன்," என்று வெளியே வந்தான்.

அடுத்த ஞாயிறு கோயில் நிரம்பியிருந்தது. ஒருவன் தலைகுனிவதைப் பார்க்க எப்போதும் கூட்டம் வரும். பிரசங்கத்துக்குப் பிறகு ஐயர் பெயர் சொல்லி அழைத்தார். திரவியம் கிராதிக்கு வெளியே வந்து சபையைப் பார்த்து நின்றான். பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் ரோஸ்லெட், முக்காட்டை இறுக்கிப் பிடித்தபடி.

ஐயர் சொல்லச் சொல்ல அவன் முதல் வரியைச் சொன்னான். விக்கிரகத்துக்கு முன் வாத்தியம் வாசித்தேன், அது பாவம், சபை மன்னிக்க வேண்டும். தொண்டையில் சிக்காமல் வந்தது. அதை அவன் நம்பினானா என்பது வேறு விஷயம்.

"சபையின் விலக்கில் இருக்கும்போது," என்று ஐயர் இரண்டாவது வரியை எடுத்தார், "பரிசுத்த ஆராதனையில் துணிகரமாய்ப் பங்கெடுத்தேன்."

திரவியம் வாயைத் திறந்தான். முதல் பெஞ்சில் ஞானசிகாமணி கண்ணை மூடி, கை கூப்பி, ஜெபத்தில் இருந்தார். அந்த மூடிய கண்ணைப் பார்த்ததும் வாயில் இருந்த வரி மாறிவிட்டது.

"துணிகரமா நான் ஒண்ணும் செய்யல ஐயரே. வரச் சொன்னாங்க, வந்தேன்."

"எடே, வரியை மட்டும் சொல்லு."

"சொல்லுதேன். அதுக்கு முன்ன, என்னைய அந்த ரூம்ல உக்காந்து வாசிக்கச் சொன்னவங்க எந்திரிச்சு நிக்கட்டும். நாலு பேரு இருந்தீங்க. ரெண்டு பேரு நின்னாக்கூடப் போதும், நான் ரெண்டாவது வரியும் சொல்லி, காலிலயும் விழுதேன்."

ஞானசிகாமணி கண்ணைத் திறந்தார். "மைக்கை நிறுத்துங்கடே!"

மைக் நின்றது. அதனால் ஒன்றும் குறையவில்லை. இருபது வருஷம் டிரம்முக்கு மேல் கத்திப் பேசிப் பழகிய தொண்டை அது.

"ஆசீர்வாதம் சாரே, நீங்களாவது நில்லுங்க!"

ஆசீர்வாதம் சார் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடினார். சுசீலாபாய் விசிறிக்கொண்டார். ஐயர் பீடத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். கேரலுக்குக் காலால் தாளம் போட்ட அந்த நூறு பேரும் கல்லில் அடித்து வைத்ததுபோல் இருந்தார்கள். ஒரு பெஞ்சுகூட முனகவில்லை.

பெண்கள் பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். ரோஸ்லெட்.

"போதும்பா, வாங்க," என்றாள். "செட்டை எடுத்துட்டுப் போலாம்."

அவள் நடுவழியே நடந்து, கிராதியின் சின்னக் கதவைத் தள்ளித் திறந்து, பாடகர் வரிசையைத் தாண்டி வெஸ்ட்ரிக்குப் போனாள். திரவியம் பின்னாலேயே போனான். மூன்று வருஷத்துக்குப் பிறகு கிராதிக்குள் வைத்த கால். யாரும் தடுக்கவில்லை. கைகொடுத்துப் பீடம்வரை கொண்டுவர நினைத்தவளின் முதுகைப் பார்த்து இப்போது அவன் தொடர வேண்டியிருந்தது.

உள்ளே துணியை உருவி எறிந்தாள். சிம்பல் தட்டைக் கழற்றத் தெரியாமல் அவள் திருகியதில் அது ஒருமுறை அலறியது. கோயில் முழுக்கக் கேட்டிருக்கும். நன்றாகக் கேட்கட்டும்.

"பாறசாலையில மாப்பிள்ளைக்கு அம்மை என்ன சொல்லுவாளோ?" என்றான் அவன், பேஸ் டிரம்மைத் தூக்கிக்கொண்டு.

"நான் போய்ச் சொல்லுதேன். ரெஜிஸ்டர் கல்யாணம் வேண்டாம்னா கல்யாணமே வேண்டாம். அழாதீங்க."

"அழல."

"பின்ன அந்த ஸ்டாண்டையும் எடுங்க."

முற்றத்துக் கதவு வழியாக மூன்று நடை நடந்தார்கள். கடைசி நடைக்கு வந்தபோது மாசிலாமணி உள்கதவு வழியாக வந்து நின்றான். கையில் சாவிக்கொத்து. கோயிலுக்குள் ஆசீர்வாதம் சார் அவசரமாக ஒரு பாட்டை எடுத்துவிட்டிருந்தார். பாட்டு பழையபடி இழுத்துக்கொண்டு போனது.

"செயலாளர் சொல்லி விட்டாரு," என்றான் மாசிலாமணி. "உன்னோடது வேற ஒண்ணும் உள்ள இல்லையே?"

திரவியம் அறையைப் பார்த்தான். ஜன்னல் விளிம்பில் கண்ணாடி இன்னும் சாய்ந்தபடி இருந்தது.

"அது உங்க ஐயரோடது. எடுத்து மாட்டு. அவருக்கு முகம் பாக்கணும்லா."

மாசிலாமணி கண்ணாடியை எடுத்து ஆணியில் மாட்டினான். திரவியம் ஹை-ஹாட் ஸ்டாண்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கினான். பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளே சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.