மல்லாந்து கிடந்த சின்னவள்

1

இந்தக் கதை ஒரு கரண்டியிலிருந்து வந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒளித்துவைத்துக் கடைசியில் எடுத்துக்காட்டும் சாமர்த்தியம் எனக்கில்லை. கிடங்கில் மூட்டை தூக்குகிறவன். நாற்பது வயதுக்குமேல் மகளிடம் எழுத்துக் கற்றவன்.

மகள் இப்போது இல்லை. காய்ச்சல் என்றுதான் கூட்டிக்கொண்டு

(இந்த வாக்கியம் நகரமாட்டேன் என்கிறது. கிடக்கட்டும்.)

2

அவள் கண்ணாடிப் பெட்டியில் வளர்த்தது உள்ளங்கை அகல டாரண்டுலா சிலந்தி. ஒற்றைப் பிள்ளை அல்லவா, அதைத் தங்கச்சி என்பாள். என் மனைவி அந்த அறைக்குள்ளேயே வரமாட்டாள். “எட்டுக் கால் இருக்கு, ஒரு வேலைக்காவது போகுதா பாரு!” என்று வாசலில் நின்றே ஏசுவாள்.

மகள் போனபின் மனைவியே அதைச் ‘சின்னவள்’ என்கிறாள். கரப்பான் குஞ்சு பிடித்துப் போடுவதும் அவள்தான்.

3

தொடக்கம் இப்படி வைத்துப் பார்த்தேன்: ‘அன்று நான் வேலைக்குப் போகவில்லை.’ பொய். போனேன். திரும்பியபோது மனைவி வாசலிலேயே நின்றாள். எத்தனையோ மாதம் கழித்து முகத்தில் சிரிப்பு.

“வாங்க வாங்க. உங்க சின்ன மக பொழைச்சிட்டா!”

“ஏன், என்னாச்சு?”

“மல்லாந்து கெடந்தா. எனக்கு உசுரே போயிடுச்சு. கரண்டிய விட்டு மெதுவா பெரட்டி உக்கார வச்சேன். இவளயாவது காப்பாத்திட்டேன்ல?”

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: தோல் உரிக்கும்போது இந்தச் சிலந்தி மல்லாந்துதான் படுக்கும். உடம்பு பிஞ்சாக இருக்கும், தொட்டால் போச்சு. மகள் என்னிடம் சொன்னது. அப்போது அவள் அம்மா அறைக்கு வெளியே.]

பெட்டியைப் பார்த்தேன். பழைய தோல் பாதிதான் கழன்றிருந்தது. கால்கள் அதற்குள் சிக்கி வளைந்திருந்தன. ஒன்று அசைந்தது. அல்லது அசைந்ததாக எழுதுகிறேன்.

4

மனைவிக்கு எழுத்துத் தெரியாது. எழுதியதை நான்தான் வாசித்துக்காட்ட வேண்டும். அடுப்படியிலிருந்து குரல்:

“நான் காப்பாத்தினத போட்டீங்களா?”

“போட்டுட்டுதான் இருக்கேன்.”

“கஞ்சத்தனம் பண்ணாம நல்லாப் போடுங்க.”

முடிவு ஒன்று: சின்னவள் பிழைக்கிறாள். (எனக்கே நம்பிக்கையில்லை.)

முடிவு இரண்டு: சாகிறாள். வயசாகிவிட்டது என்கிறேன். மனைவி தலையாட்டி

முடிவு மூன்று: உண்மையைச் சொல்கிறேன். அவள் தன் கையைப் பார்க்கிறாள். அதற்குமேல் எனக்கு எழுத வராது.

அதற்குள் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“ம், வாசிங்க.”

நீங்கள் முழுக்க வாசித்துவிட்டீர்கள். சொல்லுங்கள், இவளுக்கு வாசிப்பதை எந்த வரியோடு நிறுத்தட்டும்?