ஏழாம் வாசலில் பிரபாகரன்

ஒரு பெரிய நாவலைப் படித்து முடித்தவன் அதற்குப் பிறகு பழைய மனிதனாக இருப்பதில்லை. அவன் நடை மாறிவிடும், பார்வையில் ஓர் ஆழம் வந்து உட்கார்ந்துகொள்ளும். மரக்காணம் உப்பளப் பக்கத்தில் அந்த ஆழத்தை எட்டிய ஒரே மனிதன் பிரபாகரன்தான் என்று பெருமுக்கல்லில் அவன் மாமனார் வீட்டில் ஒருமனதாக நம்பினார்கள். அதுவும் ஆங்கில நாவல். தலையணை கனம்.

பிரபாகரன் அதைப் படித்ததில்லை. கம்ப்யூட்டரில் விளையாடியிருக்கிறான்.

பத்து வருஷத்துக்கு முன்னால், கம்ப்யூட்டர் கோர்ஸ் சேர்கிறேன் என்று அப்பா ராஜாங்கத்திடம் சொல்லிவிட்டுப் புதுச்சேரிக்குப் போன காலத்தில், அவனும் கீழ்புத்துப்பட்டு பலராமனும் ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரே பாடம் அந்த விளையாட்டு. 'ஏழு வாசல்' என்று தமிழில் சொல்லலாம். யாரோ வெள்ளைக்காரர் எழுதிய மாயாஜால நாவலை வைத்துச் செய்தது. ஓர் அநாதைப் பையன், அவனுக்குத் துணையாகத் தாடிக்கார மந்திரவாதி, வழி நெடுகப் பூதங்கள், வாசலுக்கு ஒரு விடுகதை. பிளாட்பாரத்தில் வாங்கிய சிடி. இருவரும் ஆறு வாசல்களைத் தாண்டினார்கள். ஏழாவதைத் தாண்டுவதற்குள் பரீட்சை வந்துவிட்டது என்பது பிரபாகரன் சொல்லிவந்த வரலாறு.

அந்த வரலாறு அவனோடு போயிருக்கும். பெண் பார்க்கப் போன இடத்தில்தான் வினை வந்தது. பெண் வைஜெயந்தி, பி.ஏ. ஆங்கில இலக்கியம். "தனியா ஏதாச்சும் பேசணும்னா பேசிக்குங்க" என்று பெரியவர்கள் பெரிய மனதோடு விட்ட சொற்ப நேரத்தில், "நீங்க என்ன படிப்பீங்க?" என்று கேட்டுவிட்டாள். உப்பு விலையைத் தவிர வேறெதையும் படிக்காத பிரபாகரனின் வாயிலிருந்து 'ஏழு வாசல்' வந்து விழுந்தது. விழுந்ததை எடுத்துத் திரும்ப உள்ளே வைக்க முடியாதே. கதையைச் சொன்னான். அதிலும் உப்பு தேசத்தை உருகிச் சொன்னான். கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளை, நடுவில் ஒற்றையாக நடந்து போகிற பையன்.

"கடைசியில என்ன ஆகுது?" என்றாள்.

"அதை நான் சொல்லக் கூடாது. நீங்களே படிக்கணும்" என்றான். எப்பேர்ப்பட்ட பண்பு என்று வைஜெயந்தி நினைத்துக்கொண்டாள். 2005 ஆவணியில் கல்யாணம் ஆயிற்று.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பாத்திகளில் வெள்ளம் நிற்க, குவித்த உப்பு ஓலைக்கடியில் ஒளிந்துகொள்ள, உப்பளக்காரர்கள் வேறு வேலையில்லாமல் மனைவியின் முகத்தைப் பார்க்கும் பருவம் அது. பிரபாகரன் பார்த்தபோது அந்த முகத்துக்கு முன்னால் ஒரு தடிப் புத்தகம் இருந்தது. புதுச்சேரியில் பழைய புத்தகக் கடையில் மாட்டியதாம். 'ஏழு வாசல்'.

பிரபாகரன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தான்.

"என்னங்க, நூறு பக்கம் தாண்டிட்டேன். நீங்க சொன்ன உப்பு தேசம் எங்க வருது?"

"வரும், வரும். அவசரப்படாத."

"அந்தப் பையனுக்குக் கல்யாணம் ஆயி ரெண்டு குழந்தை இருக்குதே?"

"இங்கிலீஷ் நாவல்ல அப்படித்தாம்மா. பின்னாலேர்ந்து சொல்லிக்கிட்டு வருவாங்க."

"மந்திரவாதி செத்துட்டாரு போலிருக்குது. எல்லாரும் அவரை நினைச்சி அழுவுறாங்க."

"ஃபிளாஷ்பேக்ல வருவாரு" என்றான். வைஜெயந்தி மரியாதையோடு தலையாட்டினாள். இலக்கிய நயம் தெரிந்த கணவன்.

ஆனால் புத்தகம் என்றால் ஒரு நாள் முடிந்துதானே தீரும். முடித்ததும் வந்து நிற்பாள். கடைசியில் அப்படி ஏன் ஆயிற்று, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்பாள். அப்போது என்ன நினைப்பது? அவள் கடைசிப் பக்கத்துக்குப் போவதற்குள் தான் ஏழாம் வாசலுக்குள் போய் முடிவைத் தெரிந்துகொண்டாக வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு நாள் சேர்த்து வைத்த ஆழமெல்லாம் முழங்கால் தண்ணீர் என்று தெரிந்துவிடும்.

மறுநாளே பைக்கை எடுத்துக்கொண்டு கீழ்புத்துப்பட்டுக்குப் போனான். பலராமன் அங்கே ஜெராக்ஸ் கடை வைத்து, கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் ஒரே கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுச் சிரித்து முடித்தபின், பரண்மேலிருந்து அந்த சிடியை இறக்கி, சட்டையில் துடைத்துப் போட்டான். சிடி கொஞ்ச நேரம் இருமிவிட்டு ஓடியது.

பாட்டு தொடங்கியது. அடுத்த அடி வருவதற்குள் இருவரும் அதை முனகிவிட்டார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல் கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார்கள். பிறகுதான் திரையில் இருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

"டேய், டிராகன் இவ்ளோதானா? பல்லி மாதிரி இருக்குது."

"இந்தப் பல்லியைப் பார்த்துத்தான் நீ அன்னைக்கு நாற்காலியை விட்டு எழுந்து ஓடின."

"ஓடினது நீ."

நாளெல்லாம் மழையில் கிடந்த மனசுக்கு அந்தப் பல்லியும் இதமாகத்தான் இருந்தது. மந்திரவாதியின் தாடி சில சதுரக் கட்டங்களாகச் சுருங்கியிருந்தது. நினைவில் கோட்டையாக நின்றது, தீப்பெட்டி அடுக்கினாற்போல் இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு பூதத்தையும் பேர் சொல்லி வரவேற்றார்கள். பிரபாகரன் வீட்டில் 'பலராமன் கடைக்கு' என்று மட்டும் சொல்லிவிட்டு வர, தினமும் மத்தியானம் ஒரு வாசல் என்று தாண்டினார்கள். பத்திரிகை அடிக்க வந்தவர்கள் காத்திருந்து பார்த்துவிட்டுப் பொம்மையார்பாளையத்துக்குப் போய் அடித்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் வாசலைத் தாண்டியதும் உப்பு தேசம் விரிந்தது. பிரபாகரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். அன்றைக்கு இதே இடத்தில், வரப்பே போடாமல் எப்படி உப்பு எடுத்தார்கள் என்று இருவரும் வெள்ளைக்காரனைக் குறை சொன்னது நினைவுக்கு வந்தது.

பலராமன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான்.

"உப்பளத்துல இவன் ஏன்டா கம்பளி போத்திக்கிட்டு நடக்குறான்?"

"வெயிலுக்கு."

"வாயிலேர்ந்து புகை வருது பாரு."

பிரபாகரன் பார்த்தான். பையனின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன.

"டேய்" என்றான் பலராமன் தணிந்த குரலில். "இது பனிடா."

உப்பைத் தவிர வேறெந்த வெள்ளையையும் நிலத்தில் பார்த்திராத இருவரும் இன்னொரு தரம் அந்தப் புகையைப் பார்த்தார்கள். "பொண்ணு பார்க்கப் போறதுக்கு முன்னாடி சொல்லித் தொலைச்சிருக்கலாம்" என்றான் பிரபாகரன்.

ஏழாம் வாசல் வந்தது. கூடவே உண்மை வரலாறும் வந்தது. அன்றைக்கு அவர்களைத் தடுத்தது பரீட்சை அல்ல. திரையில் ஒரு கேள்வி நின்றது. நாவலில் இருநூற்றுப் பதினாலாம் பக்கத்தில் மூன்றாம் வரியின் முதல் சொல் என்ன? திருட்டு சிடிக்காரனை மடக்குவதற்காகக் கம்பெனிக்காரன் வைத்த பூட்டு அது. மூன்று தரம் தப்பாக அடித்தால் முதல் வாசலுக்கே துரத்திவிடும். அந்தக் காலத்தில் 'ஓபன்' என்று அடித்தார்கள், 'ப்ளீஸ்' என்று அடித்தார்கள், பலராமன் அப்போது காதலித்த ரேணுகாவின் பெயரையும் அடித்துப் பார்த்தார்கள். எதற்கும் வாசல் இரங்கவில்லை.

ஆக, புத்தகத்தைப் படிக்கவில்லை என்பதை மறைக்க, இப்போது புத்தகம் வேண்டும். அது மனைவியின் கையில் இருந்தது. பிரபாகரன் வீட்டுக்குப் போன் போட்டான்.

"வைஜெயந்தி, அந்த புக்கு கிட்ட இருக்குதா? இருநூத்திப் பதினாலாம் பக்கம், மூணாவது லைன்ல முதல் வார்த்தை என்னன்னு பாரேன்."

"எதுக்குங்க?"

"ஒரு டவுட்டு. அந்த எடத்துல ரைட்டர் அருமையான வார்த்தை ஒண்ணு போட்டிருப்பாரு."

"பின்னாடி என்னங்க பாட்டு?"

"கடையில யாரோ..."

"டேய், சீக்கிரம் கேட்டுச் சொல்லுடா" என்று பலராமன் கத்தினான். "கரண்டு போச்சின்னா மறுபடியும் ஆறாம் வாசலு."

"நீங்க அந்த புக்கைப் படிச்சிருக்கீங்களா, இல்லையா?" என்றாள் வைஜெயந்தி.

ஈர உப்பைக் காய்ந்த உப்பென்று வியாபாரியிடம் சாதித்தவன்தான். இந்தக் குரலிடம் சாதிக்க வரவில்லை.

"விளையாடியிருக்கேன்" என்றான்.

போன் வைக்கப்பட்டது. பெருமுக்கல்லுக்குப் பஸ் ஏறிவிடுவாளோ என்று பயந்து, நேரே வீட்டுக்குப் போகவும் பயந்து, அவன் முக்கால் மணி நேரமாகப் பைக் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டிருக்கையில், கடை வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது. ஒரு கையில் குடை, மறு கையில் பாலித்தீன் பையில் சுற்றிய புத்தகம். அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே வந்தாள்.

"வாம்மா தங்கச்சி" என்றான் பலராமன், குற்றவாளிக்குச் சாட்சி சொல்ல வந்தவன்போல.

"நாற்காலியை இப்படிப் போடுங்க அண்ணே. அந்த உப்பு தேசத்தைக் காட்டுங்க."

"அது பனிம்மா" என்றான் பிரபாகரன்.

வைஜெயந்தி அப்போதுதான் அவனைப் பார்த்தாள். "உப்பளத்துக்காரனைக் கட்டிக்கிட்டு என்னடி பண்ணப் போறன்னு எங்க வீட்ல எல்லாரும் கேட்டாங்க. நீங்க அந்தக் கதையைச் சொன்னப்புறம்தான் சரின்னேன். அதுவும் பனியா?"

"தெரியாதும்மா. சத்தியமா உப்புன்னுதான் நினைச்சேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "தள்ளுங்க" என்று கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். "லிட்ரேச்சர் படிச்சவ வந்திருக்கேன். எந்த வாசல் திறக்காதுன்னு பார்க்கலாம்."

பக்கத்தைப் புரட்டி, வரியை விரலால் பிடித்து, சொல்லை அடித்தாள். வாசல் திறக்கவில்லை.

"எடிஷன் மாறியிருக்கும். முன்னபின்ன பார்க்கணும்" என்று அடுத்த பக்கத்திலிருந்து அடித்தாள். இல்லை. பிரபாகரன் மெதுவாக அவள் நாற்காலியின் முதுகில் கை வைத்தான். அவள் தட்டிவிடவில்லை. முந்தின பக்கத்திலிருந்து அடித்தாள். திரை இருண்டு, பாட்டு முதலிலிருந்து தொடங்கி, அநாதைப் பையன் முதல் வாசலில் வந்து நின்றான்.

"புக்கைக் குடும்மா, எந்த வருஷத்து எடிஷன்னு பார்ப்போம்" என்று வாங்கிய பலராமன், ஒன்றாம் பக்கத்துக்கு முன்னால் இருந்த தாளைத் திருப்பினான். படித்தான். மறுபடியும் படித்தான். பிறகு புத்தகத்தை இருவருக்கும் நடுவில் விரித்து வைத்தான்.

அது இரண்டாம் பாகம். வைஜெயந்தி அதில் முந்நூறு பக்கம் படித்திருந்தாள்.