வெள்ளைச் சுவரில் பூபதி

ராஜபாளையத்து நாயை வரைவதில் ஒரு சிக்கல் உண்டு. அது வெள்ளை. மூக்கும் கண்ணோரமும் இளஞ்சிவப்பு. மற்றபடி உடம்பில் வேறு நிறமே இருக்கக் கூடாது. ஒரு கருப்புப் பொட்டு தெரிந்தால் போதும், கலப்பு என்று சொல்லிவிடுவார்கள்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூட ஓவிய ஆசிரியை. மடவார் வளாகத்தில் வீடு. விடுமுறை நாட்களில் சுவர்ப்படம் வரைவேன். அப்படித்தான் ராஜபாளையத்தில் நாய் வளர்க்கும் அழகுராஜா அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டிருந்தார். போய்ப் பார்த்தால் முற்றத்துச் சுவர் கண் கூசும்படி பளபளத்தது.

"நீங்க வாரீகன்னு நேத்துதான் வெள்ளையடிச்சேன் டீச்சர்," என்றார். வெள்ளை நாயை வரைய வெள்ளைச் சுவர். மரியாதைக்காகச் செய்தவரிடம் என்ன சொல்வது?

அவருடைய மனைவி செல்வலட்சுமி அக்கா வாசல் கேட் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். சர்க்கரையால் கண் மங்கி ஒரு வருடமாகிறது. வெளிச்சம் எது, இருட்டு எது என்று தெரியும். நடுவில் உள்ளதெல்லாம் புகை. பூபதி என்ற ஒன்பது வயது நாய் அவர் கையால் கஞ்சி குடித்து வளர்ந்தது. இப்போது அது சுவரோரம் படுத்திருந்தால் தெரியாமல் காலில் இடறிவிடுகிறார்.

"அவன் மூஞ்சியப் பாக்கணும்னு சொல்லுதா," என்று அண்ணாச்சி குரலைத் தாழ்த்தினார். "இருக்குற பார்வையும் ரொம்ப நாளைக்கு நிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. பெருசா வரைஞ்சா தெரியும்ல?"

தெரியும் என்றுதான் நானும் நினைத்தேன். அளவு பெரிதானால் படம் கண்ணில் படும். அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

முதல் நாள் கோடு போட்டேன். எல்லோரும் அப்படித்தான் ஆரம்பிப்போம். உச்சந்தலையில் தொடங்கி, வளைந்த முதுகு, ஒட்டிய வயிறு, ஆழமான நெஞ்சு என்று அடர்ந்த பழுப்பில் ஒரே ஓட்டமாக இழுத்தேன். எப்போதோ காட்டுப்பன்றி கடித்ததில் பூபதியின் இடது காது நுனி மடங்கியிருக்கும், அதையும் விடவில்லை.

"அப்படியே அவன்தான்," என்ற அண்ணாச்சி மனைவியைப் பார்த்தார். "ஏட்டி, எப்படி இருக்கு?"

அக்கா எழுந்து நின்று வெகுநேரம் பார்த்தார். "சுவரு நல்லா வெள்ளையா இருக்கு," என்றார்.

கோட்டை நான்கு விரல் அகலமாக்கி, இப்போது தெரிகிறதா என்று கேட்டேன்.

"கம்பிய வளைச்சு வச்சாப்புல ஏதோ தெரியுது. அதுவா பூபதி?"

நான் தரையில் உட்கார்ந்து கண்களைப் பாதி மூடிக்கொண்டு படத்தைப் பார்த்தேன். படம் வரைகிறவர்களின் பழைய உபாயம் அது. அப்படிப் பார்க்கும்போது நுணுக்கங்கள் மறைந்து வெளிச்சமும் இருட்டும் மட்டும் மிஞ்சும். அக்கா எப்போதும் பார்ப்பது அப்படித்தான். அந்தப் பார்வையில் என் நாய் சுவரோடு கரைந்துபோயிருந்தது.

சரி, வயிற்றுப் பக்கம் நிழல் கொடுத்தால் உருண்டு எழும் என்று சாம்பல் நிறம் கலக்கினேன். அண்ணாச்சி என் தூரிகைக்குக் குறுக்கே கையை நீட்டிவிட்டார்.

"நம்ம நாய்மேல சாம்பலா?"

"நெழல்தான் அண்ணாச்சி."

"நெழலோ வெயிலோ, தெருவுல போறவன் கலப்பான்னுதான் கேப்பான்."

உச்சி வெயிலில் பூபதி செம்மண் முற்றத்தில் நின்றிருந்தது. அதன் அடிவயிற்றைப் பார்க்கச் சொன்னேன். அண்ணாச்சி குந்தி உட்கார்ந்து பார்த்தார். மண்ணில் விழுந்த வெயில் திரும்பி எழும்பி, வயிறு முழுக்க இளஞ்செம்மையாக ஒட்டியிருந்தது. ஒன்பது வருடம் குளிப்பாட்டிய நாய்.

"ஏலே, செவப்பால்ல இருக்க," என்று அதனிடம் சொன்னார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே இல்லை. பிறகு என்னிடம், "ஆனா சுவருல வேண்டாம் டீச்சர்," என்றார்.

அப்போது பூபதி கிளம்பி, முற்றத்தோரம் திறந்து கிடந்த பருத்திக் குடோன் வாசலைக் கடந்து போனது. உள்ளே ஒரே இருட்டு.

"அந்தா போறான்," என்றார் அக்கா.

"சத்தம் கேட்டுச்சாக்கா?"

"இல்ல. வெள்ளையா ஒண்ணு நகண்டுச்சு. அந்தக் கதவத் தாண்டையில மட்டுந்தான் அவன் இருக்கான்னு தெரியும். பொறவு போயிருவான்."

பள்ளிக்கூடத்தில் எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொடுத்தது அப்போதுதான் எனக்கே புரிந்தது. நாயைச் சுற்றிக் கோடு என்று எதுவுமே கிடையாது. ஒரு நிறம் முடிந்து இன்னொன்று தொடங்கும் இடத்தைத்தான் நாம் கோடு என்கிறோம்.

போட்ட கோடுகளையெல்லாம் சுண்ணாம்பால் மறைத்தேன். மறுநாள் காலையில் கரியால் அடையாளம் மட்டும் வைத்துக்கொண்டு, நீலமும் கருப்பும் கொஞ்சம் மஞ்சளும் கலந்து நாய்க்குப் பின்னால் மேற்கு மலையை இருட்டாக வரையத் தொடங்கினேன். நாயை இடப்பக்கம் வைத்ததால், சுவர் ஒருபக்கமாகச் சாயாமலிருக்க மலை வலப்பக்கம் நீண்டு இறங்கியது. காலிடுக்கு, வயிற்றுக்கு அடியில், வால் வளைவுக்குள் என்று நாய் இல்லாத இடங்களை மட்டும் நிரப்பினேன்.

"நாயத் தவுர அம்புட்டையும் வரையுதீகளே," என்றார் அண்ணாச்சி.

மூன்று மணி இருக்கும். தாடைக்குக் கீழே இருட்டை இழுத்தேன். சுவரிலிருந்து நாய் வெளியே வந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். அதன்மேல் நான் ஒரு சொட்டு வண்ணம்கூட வைக்கவில்லை. வானத்துக்காக மேலே விட்டிருந்ததும் நாயும் ஒரே சுண்ணாம்புதான். ஆனால் மலையை ஒட்டி நின்ற நாய் வானத்தைவிட வெள்ளையாக இருந்தது. தூரிகையைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அண்ணாச்சி கிட்டே போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார்.

கண்ணையும் கண்ணோரத்தையும் வைத்தபின், கடைசியாக மூக்கில் இளஞ்சிவப்பை வைத்தேன். அத்தனை நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவே அந்த ஒரு சூடான பொட்டு. எங்கிருந்து பார்த்தாலும் கண் முகத்துக்குத்தான் போகும்.

அக்காவை வாசல் கேட் அருகே நிறுத்தினோம். அவர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தார். பிறகு அசையவில்லை.

"திரும்பிப் பாக்கான்," என்றார் மெதுவாக. "எடது காது மடங்கியிருக்கு."

அந்தக் குரலைக் கேட்டு, வீட்டு வாசற்படியில் படுத்திருந்த பூபதி எழுந்து வந்தது. அக்காவை நோக்கி வருகிற வழியில், சுவரில் வரைந்த மலை தரையைத் தொடும் இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தது.

"ரெண்டு பேரு நிக்காக," என்றார் அக்கா. "ஒருத்தன் வாலாட்டுதான்."

எனக்கு அது தோன்றவே இல்லை. படத்துக்குப் பூசிய இருட்டு, உயிருள்ள நாய்க்கும் பின்னால் நின்றது.

வீட்டில் நாயைக் கூப்பிடுவது எப்போதும் தெலுங்கில்தான். "இக்கட ரா," என்று அண்ணாச்சி பழக்கத்தில் கூப்பிட வாயெடுத்தார்.

அக்கா கையை உயர்த்தித் தடுத்தார். "கூப்பிடாதீய. செத்த நேரம் அங்கனயே நிக்கட்டும்."

அண்ணாச்சி சத்தமில்லாமல் போய், வெள்ளைச் சுவரோரம் கிடந்த, பூபதி படுக்கும் சாக்கை எடுத்துவந்து மலையடியில் விரித்தார்.