மூங்கில் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர்

கெடா மாநிலத்து ஜித்ராவில் சின்னையா வீட்டு முன்னறையில் அன்று இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்காரர் சின்னையா, அவர் மனைவி அழகம்மா, மாப்பிள்ளையாகப் போகும் அவர்கள் மகன் வசந்தன், சின்னையாவின் அத்தை ராக்காயி. எங்கள் பக்கத்தில் என் மகன் சுகுமாரன், மருமகள் ரமணி, நான். இரண்டு குடும்பத்துக்கும் வேண்டியவர் என்ற முறையில், சுங்கைப்பட்டாணியில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் அபூபக்கர். வேறு யாரும் இல்லை. என் பேத்தி ஷீலாகூட வரவில்லை. நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறிக்கும் பேச்சில் பெண் வந்து உட்காருவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அங்கே இல்லாதவர்கள்தான் அன்று நடந்ததைப் பற்றி அதிகம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

என் பெயர் பரஞ்சோதி. பாக்கார் ஆராங்கில் இருக்கிறேன். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய ஆட்கள் என் பெயரைச் சொல்ல மாட்டார்கள். ‘லேபுக்காரர் மகன்’ என்பார்கள். எனக்கு அது போதும்.

வெள்ளைக்காரர் காலத்தில் எங்கள் வட்டாரத்தில் இருந்த அரசாங்கக் கிருமி ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் என் தந்தை. வாசல் பலகையில் ஒரு வெள்ளைக்கார டாக்டரின் பெயர் இருந்தது. அவர் பினாங்கில் இருந்தார். எப்போதாவது காரில் வருவார், கையெழுத்துப் போடுவார், போய்விடுவார். மற்றதெல்லாம் அப்பா. கண்ணாடிக் குழாய்களை ஆவியில் வேகவைப்பது, சோதனைக்கு இரத்தம் எடுப்பதற்காக வளர்த்த செம்மறி ஆட்டுக்குப் புல் வரவழைப்பது, ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் சளியையும் மலத்தையும் தண்ணீரையும் சோதித்து முடிவு எழுதுவது, கூடத்தை லைசால் போட்டுக் கழுவ வைப்பது. இறைச்சிச் சாற்றில் கடற்பாசியைக் கரைத்து அவர் காய்ச்சும் கூழில்தான் கிருமிகள் வளரும். அதனாலேயே தீபாவளிக்கு அம்மா அதே கடற்பாசியில் கலர் கலராக அகார்-அகார் இனிப்பு செய்து வைத்தால் அப்பா தட்டைத் தள்ளிவிடுவார். “இதுல நான் காலராவ வளக்கறேன், நீ புள்ளைங்களுக்குக் குடுக்கற” என்பார். நாங்கள் சாப்பிட்டோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அவரிடம் ஒரு முறை இருந்தது. ஆய்வுக்கூடத்தில் ஊகத்துக்கு இடமில்லை. குழாயில் கிருமி வளர்ந்தால் வளர்ந்தது என்று எழுதுவார். வளராவிட்டால் இல்லை என்று எழுதுவார். ‘இருக்கலாம்’ என்று அவர் எழுதியதே இல்லை. வீட்டிலும் அப்படித்தான் பேசினார்.

ஜித்ராவுக்கு வருகிறேன். பேச்சு நன்றாகத்தான் தொடங்கியது. தாம்பூலத் தட்டு மாற்றுவது எங்கே, மண்டபம் அலோர் ஸ்டாரிலா சுங்கைப்பட்டாணியிலா, சாப்பாடு யார் என்று போனது. சாப்பாடு யார் என்றபோது அபூபக்கர் தன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

“மரக்கறி சாப்பாடுன்னா வேற ஆள பாத்துக்குங்க. பிரியாணின்னா நான் இருக்கேன்” என்றார்.

“நிச்சயத்துக்கு மரக்கறிதான்” என்றேன்.

“அப்ப நான் சாப்பிட மட்டும் வர்றேன் அண்ணே.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்கு முன்பே சின்னையா தொண்டையைச் செருமினார்.

“ஐயா, மனசுல ஒன்ன வெச்சிக்கிட்டு சம்பந்தம் பேசக்கூடாது. கேட்டுடறேன்.”

“கேளுங்க.”

“எங்க அப்பா மூங்கில் தோட்டத்துல பொறந்தவரு. அந்தக் கெணத்துத் தண்ணியக் குடிச்சு லயத்து வீடு பூரா காய்ச்சல்ல படுத்துச்சு. அப்பாவுக்குக் காய்ச்சல்ல தலமுடி பூரா கொட்டிப்போச்சு. சாகறவரைக்கும் தொப்பிதான். கோயிலுக்குள்ள மட்டும் கழட்டுவாரு. அந்தத் தண்ணி நல்ல தண்ணின்னு எழுதிக் குடுத்தது உங்க அப்பாதானே?”

சுகுமாரன் இடையில் வந்தான். “அங்கிள், அதெல்லாம் எப்பவோ நடந்தது...”

“எப்பவோதான் தம்பி. ஆனா பழைய ஆளுங்க இன்னும் பேசறாங்க லா. தோட்டத்துக் கணக்கு எழுதற கிராணி வீட்டுலேருந்து ரெண்டு வெடக்கோழி லேபுக்குப் போச்சாம். கோழி போச்சு, கெணறு நல்லதாயிருச்சு.”

அபூபக்கர் அவரைப் பார்த்துக் கையைக் காட்டினார். “சின்னையா, பேச்ச பாத்துப் பேசு. தேதி குறிக்க வந்த எடத்துல கெணறு தோண்டுறியே.”

கோழிக் கதை எனக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடத்திலேயே என் காதுபடச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு நான் வாயால் பதில் சொல்லவில்லை. தலைமையாசிரியர் என்னைப் பிரம்பால் அடித்தார். ஆனால் அந்தக் கதையில் ஒரு பகுதி உண்மை. மூங்கில் தோட்டத்துத் தண்ணீர் முதல் தடவை வந்தபோது அப்பா கிருமி இல்லை என்றுதான் எழுதினார். இரண்டாம் தடவையும் அப்படியே. அதன் பிறகு அவரே தோட்டத்துக்குப் போனார், கிணறு மூடப்பட்டது. நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் துணிந்து கேட்டேன். “குழாயில ஒன்னும் வளரல. ஒன்னும் இல்லன்னு எழுதினேன்” என்றார். லயமே படுத்துக் கிடக்கும்போது குழாயில் மட்டும் ஏன் ஒன்றும் வளரவில்லை என்று கேட்டேன். “அது வேற கத” என்று எழுந்து போய்விட்டார். அந்த வேறு கதையை அவர் சொல்லாமலே காலமாகிவிட்டார். ஆகவே சின்னையாவுக்குச் சொல்ல என்னிடம் என் தந்தையின் குணத்தைத் தவிர வேறு சான்று இல்லை. குணத்தைச் சான்றாக யாரும் ஏற்பதில்லை.

நான் எழுந்தேன்.

“சுகு, கார எடு.”

ரமணியின் முகம் வெளுத்தது. அவள் எதை நினைத்தாள் என்று எனக்குத் தெரியும். நான் அந்த வாசற்படியைத் தாண்டினால் இந்தச் சம்பந்தம் திரும்பி வராது. ஷீலா என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள்; ஆனால் வேறு இடத்தையும் பார்க்க மாட்டாள். அதுவும் எனக்குத் தெரியும். நான் உட்கார்ந்துவிட்டாலோ, என் தந்தை கோழிக்குக் கிணறு விற்றவர் என்பதை நானே ஒப்புக்கொண்டதாகும். அந்தப் பழியோடுதான் ஷீலா இந்த வீட்டில் விளக்கேற்ற வேண்டும்.

வசந்தன் குறுக்கே வந்து நின்றான். “தாத்தா, ப்ளீஸ், ஒக்காருங்க. அப்பா இப்படித்தான், டபக்குன்னு பேசிருவாரு.”

“பேசட்டும் தம்பி. உங்க அப்பா பேசறாரு. எங்க அப்பாவால இப்ப பேச முடியாது. அதனாலதான் நான் எந்திரிச்சிட்டேன்.”

காலணியில் ஒரு காலை நுழைத்துவிட்டேன். அப்போது தொலைக்காட்சிப் பக்கம் பிரம்பு நாற்காலியில் கண்மூடி இருந்த ராக்காயி அம்மாள் பேசினார். அவர் தூங்குகிறார் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

“யாரு, லேபு ஐயா மகனா?”

“ஆமாம்மா.”

“அத மொதல்லயே சொல்றதில்லையா? செருப்பக் கழட்டிட்டு ஒக்காரு தம்பி.”

என்னைத் தம்பி என்று அழைக்க இப்போது கெடாவில் அதிகம் பேர் இல்லை. என்னையறியாமல் காலை வெளியே எடுத்தேன். ஆனால் உட்காரவில்லை.

“ஒங்கப்பாவ நான் பாத்திருக்கேன். அப்ப நான் சின்னப் புள்ள. வெள்ளக் கால்சட்ட, மொறப்பான ஆளு. ஒன்ன மாதிரியே” என்றார் ராக்காயி அம்மாள். “சின்னையா, ஒனக்குக் கோழிக் கத தெரியுது. ஒங்க அப்பாயி செஞ்ச வேல தெரியுமா?”

“அப்பாயி என்னா செஞ்சாங்க?”

“தண்ணி புடிச்சிக் குடுத்ததே எங்கம்மாதாண்டா.”

அவர் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் ஒரு போத்தலைக் கொண்டுவந்தார். கண்ணாடி மூடி போட்டு, காகிதம் சுற்றி, நூல் கட்டிய போத்தல். முறைப்படி அவரே கிணற்றில் இறக்கி எடுத்திருக்க வேண்டும். அவருக்கு அன்று வேறு லயத்தில் வேலை. லயத்திலேயே சுத்தமானவள் யார் என்று கேட்டு, ராக்காயியின் அம்மாவிடம் போத்தலைக் கொடுத்தார். “கெணத்துத் தண்ணி ரொப்பி வை, காலையில அரசாங்கத்துக்குப் போகணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

“அரசாங்கத்துக்குப் போவுதுன்னா யாரோ பெரிய தொர குடிக்கப் போறாருன்னு எங்கம்மா நெனச்சிச்சு” என்றார் ராக்காயி அம்மாள். “நாங்கதான் பச்சத் தண்ணி குடிப்போம். வெறகுக்கு எங்க போறது? ஆனா வீட்டுக்கு வர்ற மனுஷாளுக்குப் பச்சத் தண்ணி குடுக்கமாட்டோம், அது தோட்டத்துல வழக்கம். அம்மா என்னா பண்ணிச்சு, போத்தல சாம்பல் போட்டுக் கழுவிச்சு. தண்ணிய நல்லா கொதிக்க வெச்சு, ஆறவெச்சு, வெள்ளத் துணியில வடிகட்டி ஊத்திச்சு. மறுபடி போத்தல் வந்திச்சு. தொரைக்குத் தண்ணி புடிச்சிருக்கு, அதான் திரும்பக் கேக்குறாருன்னு எங்கம்மாவுக்கு ஒரே பெரும. அந்தத் தடவ துளசியும் போட்டுக் கொதிக்க வெச்சிச்சு.”

அபூபக்கர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அழகம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். கொதித்த தண்ணீரில் எந்தக் கிருமி மிஞ்சும்? குழாயில் ஒன்றும் வளரவில்லை. ஒன்றும் இல்லை என்று அப்பா எழுதினார்.

“அப்புறம் ஒங்கப்பா நேர்ல வந்தாரு தம்பி. வெயில்ல வந்தவருக்கு அம்மா ஒரு மங்கு தண்ணி குடுத்திச்சு. ஒரு வாய் குடிச்சாரு, நிறுத்திட்டாரு. ‘இது கொதிக்க வெச்சதாம்மா?’ன்னாரு. ‘பின்ன, ஒங்களுக்குப் பச்சத் தண்ணியா குடுப்போம்? போத்தலுக்கும் இப்படித்தான் ஊத்தினேன்’னு அம்மா சொல்லிச்சு. மனுஷன் மங்கக் கீழ வெச்சிட்டு அப்படி ஒரு சிரிப்பு.”

என் தந்தை சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த லயத்து வாசலில் அவர் சிரித்திருக்கிறார்.

“அப்புறம் அவரே போத்தல கயித்துல கட்டிக் கெணத்துல எறக்கினாரு. கொஞ்ச நாள்ல கெணத்த மூடச் சொல்லிட்டாங்க. போறப்ப அம்மாகிட்ட ரகசியமா சொன்னாரு: ‘கொதிக்க வெச்சத யாருகிட்டயும் சொல்லாதம்மா. லயமே ஒன்ன ஏசும். எனக்கு ஏச்சு வந்தா நான் பாத்துக்கறேன்.’ அம்மா சாகறவரைக்கும் சொல்லல. நானும் சொல்லல.”

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல அத்த?” சின்னையாவின் குரல் உள்ளே போயிருந்தது.

“நீ எங்கடா கேட்ட? ஒனக்குக் கோழிதான் புடிச்சிச்சு.”

“அப்ப அந்தக் கோழி?” என்று அபூபக்கர் கேட்டார். சாப்பாட்டுக்கடைக்காரருக்கு அந்தக் கவலை.

“கிராணி வீட்டுக் கோழிய மூசாங் பூன தூக்கிட்டுப் போச்சு. மூசாங்க யாரு புடிக்கறது? லேபு ஐயா தலையில கட்டிட்டாங்க.”

நான் உட்கார்ந்தேன். முதுகு சாயவில்லை, ஆனால் உட்கார்ந்தேன். ‘அது வேற கத’ என்று எழுந்து போன அப்பாவின் நடை நினைவுக்கு வந்தது. கோபத்தில் போகிறார் என்றுதான் அன்று நினைத்தேன். சிரிப்பு வந்துவிடுமோ என்று போயிருக்கலாம். ‘இருக்கலாம்’ என்று எழுதுவது அவருக்குப் பிடிக்காது. ஆகவே அதை அடித்துவிடுகிறேன்.

சின்னையா தலையைக் குனிந்துகொண்டார். தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார். ஒரு வீட்டுத் தலைவரை அவருடைய மகன் முன்னால் அதற்கு மேல் அப்படி வைத்திருப்பது முறையில்லை. நான்தான் பேசினேன்.

“குடிக்கத் தண்ணி கெடைக்குமா?”

“ஐஸ் வாட்டரா மாமா, சர்பத்தா?” என்று அழகம்மா எழுந்தார்.

“கொதிக்க வெச்ச தண்ணி இருந்தா குடும்மா.”

ராக்காயி அம்மாள்தான் முதலில் சிரித்தார். சின்னையா மனைவியை உட்காரச் சொல்லிவிட்டு அவரே சமையலறைக்குப் போனார். பிளாஸ்கிலிருந்து ஊற்றி, இரண்டு கைகளாலும் குவளையைப் பிடித்துக் கொண்டுவந்து குனிந்து நீட்டினார். நானும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். மரியாதைக்கு மரியாதை. அந்த நேரம் பார்த்து வசந்தன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவிட்டான்.

தை மாதத்தில் தேதி குறித்தோம். மண்டபம் அலோர் ஸ்டாரில். மரக்கறிச் சாப்பாடு; அகார்-அகார் கிடையாது என்று நான் சொன்னதற்கு யாரும் காரணம் கேட்கவில்லை. திரும்பும் வழியில் ரமணி காரில் தூங்கிவிட்டாள். அவள் அத்தனை நிம்மதியாகத் தூங்கி வெகுநாள் ஆகியிருந்தது. நெல்வயல்கள் பச்சையாக இருந்தன. வீட்டு வாசலில் ஷீலா நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், உள்ளே போய்த் தேநீர் போட்டாள்.

இனி, அந்தப் படம். அது குடும்ப வாட்சாப் குழுவில் வந்தது. அதில் சின்னையா குனிந்திருக்கிறார், நானும் முன்னால் சாய்ந்திருக்கிறேன், நான்கு கைகள் சேர்ந்திருக்கின்றன. நடுவில் இருக்கும் குவளை தெரியவில்லை. மெர்கோங்கில் இருக்கும் என் தம்பி வீட்டார் அதைப் பார்த்துவிட்டு, பேத்தியின் கல்யாணத்துக்காகப் பரஞ்சோதி சம்பந்தியின் கையைப் பிடித்து, அப்பா செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்டார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்பா தவறு செய்யவில்லை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. தண்ணீர் கேட்டேன்.